பூட்டிய வண்டி பேசுகிறது!

ஓடும் வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஊர் சுற்றப் போகிறார்கள். உள்ளே நாய் இருக்கிறது. கியாஸ் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் இருக்கிறது. தூரத்தில் இருந்தபடியே இவற்றை எப்படிக் காவல் காக்கிறார்கள்? செய்தி வந்தால் மட்டும் போதுமா?

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதை நாம் அறிவோம். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!

அமெரிக்காவில் இது சாதாரணக் காட்சி.

பஸ்சைப் போல ஒரு வண்டி. உள்ளே போனால் கட்டில், சமையல் மேடை, கியாஸ் அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியல் அறை, கழிவறை எல்லாம் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. கழிவு நீருக்கு வேறு தொட்டி. கூரையின் மேல் ஏ.சி. எந்திரம். இதை "மோட்டார் ஹோம்" என்கிறார்கள். நாம் மோட்டார் வீடு என்று சொல்லலாம்.

அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் சிட்டி என்று ஒரு சிற்றூர். அங்குள்ள வின்னபேகோ கம்பெனி 1966-ம் ஆண்டில் மோட்டார் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. மற்றவர்களை விட மலிவாக விற்றது. பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த மோட்டார் வீடு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள் பலர் இந்த வண்டியிலேயே மாதக் கணக்கில் வாழ்கிறார்கள். வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் தெற்கே புறப்பட்டு விடுவார்கள். வசந்த காலம் பிறந்ததும் திரும்புவார்கள். பறவைகள் இடம் பெயர்வதைப் போல இருப்பதால், இவர்களுக்குப் "பனிப் பறவைகள்" என்று பெயர்! அரிசோனா பாலைவனத்தில் உள்ள குவார்ட்சைட் என்ற சிற்றூரில், குளிர் காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகள் ஆயிரக் கணக்கில் வந்து நிற்கும்.

நாய்க்கு அனுமதி இல்லை

இவர்களில் பலர் நாயையும் உடன் அழைத்து வருகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் கணவன், மனைவி, ஒரு நாய். அந்த நாய்தான் குழந்தை!

ஆனால் எல்லா இடத்துக்கும் நாயை அழைத்துப் போக முடியாது.

வென்னீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்ற எல்லோஸ்டோன் பூங்காவில், நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. கிராண்ட் கான்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நாயுடன் நடக்கலாம். பள்ளத்துக்குள் இறங்கும் பாதைகளில் கூடாது. கடைக்குள்ளும், ஓட்டலுக்குள்ளும் பெரும்பாலும் விட மாட்டார்கள்.

என்ன செய்வது? நாயை வண்டிக்குள் விட்டு, தண்ணீர் வைத்து, ஏ.சி.யை ஓட விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள்.

ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தால் கவலை இல்லை. நின்று விட்டால்?

அரை மணி நேரம்

மூடிய காருக்குள் வெயில் என்ன செய்யும் என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது.

வெளியே 22 டிகிரி. நம் ஊர்க் கணக்கில் அது ஊட்டிக் குளிர்! அந்த நாளில் கூட, வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 47 டிகிரிக்குப் போய்விட்டது. இதில் பெரும் பகுதி, ஐந்தில் நான்கு பங்கு, முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தும் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை.

மோட்டார் வீடு காரை விடப் பெரியது. சுவரும் தடிமன். ஆகையால் சூடேறச் சற்று நேரம் ஆகலாம். ஆனால் ஏறாமல் இருக்காது.

அதிலும் அரிசோனாவின் கோடையை நினைத்துப் பாருங்கள். பீனிக்ஸ் நகரில் 2023-ம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாட்கள் தொடர்ந்து, தினமும் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது!

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். நாக்கைத் தொங்க விட்டு மூச்சிரைப்பதுதான் அது சூட்டைத் தணித்துக் கொள்ளும் வழி. சுற்றிலும் உள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டு விடும். நாயின் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

கலிபோர்னியாவில் 2017 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பூட்டிய வண்டிக்குள் ஒரு விலங்கு உயிருக்குப் போராடினால், வேறு வழி இல்லாத நிலையில், போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, வழிப்போக்கர் கூட வண்டியைத் திறந்து அதைக் காப்பாற்றலாம். அதற்காக அவர் மீது வழக்குப் போட முடியாது.

ஏ.சி. ஏன் நிற்கிறது?

வண்டிகள் தங்கும் முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்சாரக் கம்பம் இருக்கும். 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் செருகியில் வண்டியின் கம்பியை மாட்ட வேண்டும். மின்சாரம் 120 வோல்ட்.

மதியம் ஒரு மணி. வெயில் கொளுத்துகிறது. முகாமில் உள்ள வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏ.சி.யைப் போடுகின்றன. மின்சாரம் பலவீனம் அடைகிறது. வோல்டேஜ் குறைந்தால் ஏ.சி. மோட்டார் புகைந்து போகும். அதைத் தடுக்க ஒரு காப்புக் கருவி மாட்டி இருப்பார்கள். அது தன் கடமையைச் செய்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து விடுகிறது!

மோட்டார் பிழைத்துக் கொண்டது. உள்ளே இருக்கும் நாய்?

குளிர்ச்சி எப்போது அதிகம் தேவையோ, அப்போதுதான் அது நின்று போகும் அபாயமும் அதிகம்.

காவல் கருவி

இந்தக் கவலைக்குப் பிறந்ததுதான் தொலைக் காவல் கருவி.

கையடக்கமான ஒரு பெட்டி. உள்ளே வெப்பத்தை அறியும் சிறு உறுப்பு இருக்கிறது. சூடு ஏற ஏற, அந்த உறுப்பின் வழியே மின்சாரம் பாயும் அளவு மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு, பெட்டி வெப்பத்தைக் கணக்கிடுகிறது. கூடவே, செல்போனில் இருப்பதைப் போல ஒரு சிம் கார்டு.

"27 டிகிரிக்கு மேலே போனால் என்னைக் கூப்பிடு" என்று சொல்லி வைக்கலாம். வெப்பம் அந்தக் கோட்டைத் தாண்டியதும், வண்டிக்காரரின் செல்போனுக்குச் செய்தி பறக்கும். சில கருவிகள் மின்சாரம் போனதையும், அது திரும்பி வந்ததையும் சொல்லும்.

இது நமக்கும் புதியது அல்ல. வயலில் இருக்கும் பம்பு செட்டுக்கு மின்சாரம் வந்து விட்டதா என்று வீட்டில் இருந்தே செல்போனில் அறிந்து, மோட்டாரை ஓட விடும் விவசாயிகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அதே வித்தைதான் இதுவும்.

செல்போன் கோபுரம் இல்லாத காட்டுக்குப் போகிறவர்கள், செயற்கைக் கோள் மூலம் இண்டர்நெட் பெறுகிறார்கள். ஸ்டார்லிங்க் கம்பெனி மோட்டார் வீடுகளுக்கென்றே 2022-ல் இந்தச் சேவையைத் தொடங்கியது. வண்டியில் ஒரு தட்டு மாட்டினால் போதும். ஆனால் அதற்கு மின்சாரம் அதிகம் தேவை. மின்சாரம் போனால் அதுவும் போயிற்று!

சில உணர் கருவிகள் புளூடூத் முறையில் மட்டுமே பேசும். அவற்றின் குரல் வண்டியைச் சுற்றிச் சில மீட்டர் தூரம்தான் எட்டும். பக்கத்தில் இருந்து பார்க்க அவை நல்லவை. ஊர் சுற்றப் போகிறவருக்குப் பயன்படாது. வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மௌனம் நல்லதல்ல

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது.

ஒருவர் வண்டிக்குள் கேமராவை வைக்கிறார். அதைச் சுவர்ச் செருகியில் மாட்டுகிறார். இண்டர்நெட் பெட்டியையும் அதே செருகியில் மாட்டுகிறார். செல்போனில் பார்த்தால் நாய் தூங்குவது தெரிகிறது. மகிழ்ச்சியோடு வெளியே போகிறார்.

மின்சாரம் நிற்கிறது. ஏ.சி. நிற்கிறது. அதே நொடியில் கேமராவும் நிற்கிறது. இண்டர்நெட் பெட்டியும் நிற்கிறது. ஆபத்து வந்த நேரத்தில் காவல்காரனும் மயங்கி விழுந்து விட்டான்!

வண்டிக்காரருக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. "செய்தி இல்லை, ஆகவே எல்லாம் நலம்" என்று அவர் நினைத்துக் கொள்கிறார்.

ஆகையால் காவல் கருவிக்குச் சொந்தமாகப் பேட்டரி இருக்க வேண்டும். மின்சாரம் போன பிறகும் அது பேச வேண்டும். "நான் நலம்" என்று குறித்த நேரத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரல் வரவில்லை என்றால், அதையே ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு வகையான மௌனமும் உண்டு. 2022-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய செல்போன் கம்பெனிகள் பழைய 3ஜி அலைவரிசைச் சேவையை நிறுத்தி விட்டன. அந்த அலையை மட்டும் நம்பி இருந்த கருவிகள் ஊமையாகி விட்டன. கருவியில் பழுது இல்லை. பேட்டரியில் குறை இல்லை. அதன் பேச்சைக் கேட்பதற்குத்தான் கோபுரம் இல்லை!

குளிரும் பகைதான்

வெயில் மட்டும்தான் எதிரி என்று எண்ண வேண்டாம்.

வட மாநிலங்களில் குளிர் காலத்தில் தண்ணீர் உறைந்து விடும். உறையும்போது தண்ணீர் பருக்கும். 100 பங்கு தண்ணீர் சுமார் 109 பங்கு பனிக்கட்டி ஆகும். குழாய்க்குள் அதற்கு இடம் ஏது? குழாய் வெடிக்கும். வெடித்தது அப்போது தெரியாது. பனி உருகிய பிறகுதான் சுவருக்குள் தண்ணீர் ஓடும்.

கியாசில் எரியும் கணப்பு வண்டியைச் சூடாக வைத்திருக்கும். நள்ளிரவில் கியாஸ் தீர்ந்தால் கணப்பு அணையும். வண்டிக்காரர் ஊரில் இல்லை என்றால் யாருக்குத் தெரியும்? அதனால், வெப்பம் மேலே ஏறினால் மட்டும் அல்ல, 4 அல்லது 5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் கூப்பிடும்படி கருவியைச் சொல்லி வைக்கிறார்கள். மாதக் கணக்கில் வண்டியை விட்டுப் போகிறவர்கள், குழாயில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, எளிதில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்பி விட்டுப் போகிறார்கள். அதுதான் நிச்சயமான வழி.

பேட்டரியும் கவனிக்க வேண்டியது. 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி, நிறைந்திருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் அதன் ஆயுள் குறையும். கடுங்குளிரில், தீர்ந்து போன பேட்டரி உறைந்து வெடிக்கவும் கூடும். வண்டியில் எல்லா விளக்கையும் அணைத்து விட்டாலும், கியாஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் பேட்டரி காலி! கூரையில் ஒரு சூரிய ஒளித் தகடு இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

கியாஸ் கருவியை ஏன் தரையை ஒட்டி மாட்டுகிறார்கள் தெரியுமா? புரொபேன் கியாஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். கருவி அதை மோப்பம் பிடித்து அலறும். ஆனால் பூட்டிய வண்டிக்குள் அது அலறினால், நூறு மைல் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்குமா? அந்த அலறலையும் செல்போனுக்கு அனுப்பும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன.

திருட்டுக்கும் காவல் உண்டு. ஜி.பி.எஸ். கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சைகையைக் கொண்டு, வண்டி நிற்கும் இடத்தைக் கருவி அறிகிறது. கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்றைக் குறித்து வைத்து விடலாம். வண்டி வேலியைத் தாண்டினால் செய்தி வரும். அந்தச் செய்தியைப் போலீசிடம் கொடுக்க வேண்டும். திருடனைத் தானே துரத்தப் போகக் கூடாது.

லைக்கா சொன்ன பாடம்

தூரத்தில் இருக்கும் கூண்டையும் அதற்குள் இருக்கும் நாயையும் கருவி மூலம் கவனித்த கதை, பழைய கதை. உலகமே அறிந்த கதை.

1957-ம் ஆண்டு நவம்பர் 3-ந்தேதி. சோவியத் ரஷ்யா, ஸ்புட்னிக் 2 என்ற செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. உள்ளே லைக்கா என்ற நாய். மாஸ்கோ தெருவில் திரிந்துகொண்டிருந்த நாய் அது.

அதன் உடம்பில் கருவிகளைப் பொருத்தி இருந்தார்கள். இதயம் எப்படித் துடிக்கிறது, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பூமிக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. கூண்டுக்குள் எவ்வளவு சூடு என்பதும் தெரிந்தது.

சூடு ஏறியது. மேலும் ஏறியது. பூமியில் இருந்த விஞ்ஞானிகள் எண்களைப் பார்த்தார்கள். பார்க்க மட்டுமே முடிந்தது. கூண்டைத் திறக்க ஆள் இல்லை. கூண்டைத் திரும்பக் கொண்டு வரவும் வழி செய்யப்படவில்லை. சில மணி நேரத்தில் லைக்காவின் உயிர்த் துடிப்பு நின்றது.

லைக்கா பல நாட்கள் உயிரோடு இருந்ததாகத்தான் உலகம் நம்பியது. அது சூட்டினால் சில மணி நேரத்திலேயே இறந்தது என்ற உண்மையை, 45 ஆண்டுகள் கழித்து, 2002-ல்தான் ரஷ்ய விஞ்ஞானி ஒருவர் வெளியிட்டார்.

செய்தி வந்தது. சரியான செய்திதான். ஆனால் உதவிக்கு ஓடிப் போகக் கை இல்லை.

விண்வெளிக்கு மட்டும் அல்ல, பாலைவனத்தில் நிற்கும் வண்டிக்கும் இதே பாடம்தான்.

யார் ஓடி வருவார்கள்?

கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கு ஒன்றரை கிலோ மீட்டருக்கும் மேல் ஆழம். உள்ளே இறங்கி விட்டால் பெரும்பாலான இடங்களில் செல்போன் எடுக்காது. மேலே வண்டியில் இருக்கும் கருவி கூப்பிடுகிறது, கூப்பிடுகிறது, கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கீழே போனவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும், மேலே ஏறி வருவதற்கு எத்தனை மணி நேரம்?

அதனால், அனுபவம் உள்ள பயணிகள் கருவியோடு நிற்பதில்லை. சில முறைகளையும் கடைப்பிடிக்கிறார்கள்.

முதலாவது, சோதனை. நாயை வெளியே வைத்துக்கொண்டு, ஏ.சி.யை நிறுத்திப் பார்க்கிறார்கள். எத்தனை நிமிடத்தில் வண்டி சூடேறுகிறது என்று கடிகாரத்தில் கணக்கு எடுக்கிறார்கள். இருபது நிமிடத்தில் சூடேறினால், அதற்குள் திரும்பி வரக்கூடிய தூரம்தான் போகலாம். அதற்கு மேலே போவதாக இருந்தால் நாயைத் தனியே விடுவதில்லை.

இரண்டாவது, பக்கத்து வண்டிக்காரர். முகாமில் வந்து இறங்கியதும் அவரிடம் போய் அறிமுகம் செய்து கொள்கிறார்கள். "நாங்கள் இரண்டு மணி நேரம் வெளியே போகிறோம். உள்ளே நாய் இருக்கிறது. ஆபத்து என்று நான் போன் செய்தால் கதவைத் திறந்து அதை வெளியே கொண்டு வர முடியுமா?" என்று கேட்டு, சாவியையும் கொடுத்து விட்டுப் போகிறார்கள்.

மூன்றாவது, முகாம் அலுவலகம். பல முகாம்களில் அங்கேயே தங்கி இருந்து பயணிகளுக்கு உதவும் காப்பாளர் இருப்பார். அவரிடம் தங்கள் செல்போன் எண்ணைக் கொடுக்கிறார்கள். வண்டியின் கண்ணாடியில் "உள்ளே நாய் இருக்கிறது. ஆபத்து என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறார்கள்.

நான்காவது, ஒருவருக்கு இருவர். கருவியின் செய்தி கணவனின் போனுக்கு மட்டும் அல்ல, மனைவியின் போனுக்கும், பக்கத்து வண்டிக்காரரின் போனுக்கும் போகும்படி செய்து வைக்கிறார்கள்.

மின்சாரம் நின்றால் தானாகவே ஜெனரேட்டரை ஓட விடும் எந்திரமும் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வண்டிக்குள் புகாமல் இருக்க வேண்டும். அதை அறிவிக்கும் கருவி உள்ளே ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஓர் ஆபத்தை விலக்கப் போய் இன்னோர் ஆபத்தை வரவழைக்கக் கூடாது அல்லவா?

நாய், பூனை மட்டும் அல்ல. குழந்தையை எந்தக் கருவியை நம்பியும் பூட்டிய வண்டிக்குள் விட்டுப் போகக் கூடாது. ஐந்து நிமிடம் கூட! இது மோட்டார் வீட்டுக்கு மட்டும் உரிய விதி அல்ல. நம் தெருவில் நிற்கும் காருக்கும் இதுதான் விதி.

தூரத்தில் நடப்பதைத் தெரிந்து கொள்ள இன்று எத்தனையோ கருவிகள் வந்து விட்டன. வண்டி பேசுகிறது. குழாய் பேசுகிறது. பேட்டரியும் பேசுகிறது. கதவைத் திறந்து நாயைத் தூக்கி நிழலில் விடுவதற்கு மட்டும் இன்னும் ஒரு மனிதர் வேண்டி இருக்கிறது. பனிப் பறவைகள் முகாமில் போய் இறங்கியதும், மின்சாரக் கம்பியை மாட்டிய கையோடு பக்கத்து வண்டிக் கதவைத் தட்டுவது இதற்காகத்தான்.